சதுர அடியும் டெசிமீட்டரும் கம்பைலருக்கு ஒன்றுதானா?

கேள்வி: "அக்கா, நாங்கள் நாலு பேர் ராணிப்பேட்டையில் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்து, டேனரிகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் ஸ்டாக், பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறோம். ஆறு வருடமாக ஓடுகிறது. சர்வர் பக்கம் பைத்தான், திரைப் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட். போன மாதம் பேரணாம்பட்டு வாடிக்கையாளர் ஒருவரின் ஏற்றுமதி இன்வாய்ஸ் ஒன்பது மடங்கு தொகையோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டது. 1,850 சதுர அடி தோல். எங்கள் புரோகிராம் சதுர டெசிமீட்டர் கணக்கை எடுத்து, சதுர அடி விலையால் பெருக்கிவிட்டது. டைப் இல்லாத மொழியில் எழுதினால் இப்படித்தான் ஆகும் என்கிறார்கள். சென்னையில் இருக்கும் என் அண்ணன் ரஸ்ட்டுக்குப் போகச் சொல்கிறார். பார்ட்னர் ஜாவா என்கிறார். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரும் காலேஜில் ஜாவா படித்தவர்கள், அதில் ஒருவர் கோ மொழிதான் சுலபம் என்கிறார். எந்த ஸ்டாடிக் டைப் மொழிக்கு (தரவின் வகையை, அதாவது டைப்பை, ஓட்டும் முன்பே சரிபார்க்கும் மொழிக்கு) மாறலாம்? எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிவிடலாமா?"

அன்புள்ள தம்பிக்கு,

இன்வாய்ஸ் விஷயத்தைப் படித்ததும் எனக்கே வயிற்றைக் கலக்கியது. நான் மேல்விஷாரத்தில் வளர்ந்தவள். ஏற்றுமதிக் காகிதத்தில் ஓர் எண் தப்பிப் போனால், அதைத் திருத்துவதற்குள் அந்த வீட்டில் எத்தனை பேருக்குத் தூக்கம் போகும் என்று பார்த்திருக்கிறேன். அதனால் மொழி பற்றிய கேள்விக்குப் போகும் முன்னால் அந்த இன்வாய்ஸிலேயே கொஞ்ச நேரம் இருப்போம்.

ஒரு சதுர அடி என்பது 9.29 சதுர டெசிமீட்டர். 1,850 சதுர அடியை மாற்றினால் ஏறக்குறைய 17,187 வரும். உங்கள் ஃபங்க்ஷனுக்கு இரண்டு எண்கள் வந்திருக்கின்றன, பரப்பு ஒன்று, விலை ஒன்று. இரண்டையும் பெருக்கித் திருப்பித் தந்தது. இதையே நீங்கள் ஜாவாவில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பரப்பு ஒரு டபுள் (புள்ளி வைத்த எண்ணுக்கான டைப்), விலை ஒரு டபுள். 17,187 என்பதும் டபுள்தான், 1,850 என்பதும் டபுள்தான். கம்பைலர், அதாவது நாம் எழுதியதைச் சரிபார்த்து மெஷினுக்கு ஏற்ப மாற்றித் தரும் புரோகிராம், ஒரு வார்த்தை பேசாமல் விட்டிருக்கும். இன்வாய்ஸ் அதே ஒன்பது மடங்கோடுதான் போயிருக்கும். ரஸ்ட்டில் எழுதியிருந்தாலும் இதே கதைதான். ஸ்டாடிக் டைப் மொழிக்கு மாறியதாலேயே இந்தத் தப்பு நின்றுவிடாது. நீங்கள் சதுர அடி வேறு, சதுர டெசிமீட்டர் வேறு என்று சொல்லிவைத்தால்தான் கம்பைலருக்கு அது தெரியும்.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் பக்கத்தில் போய்த் தொலைந்தது. தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் கொடுத்தது. வாங்கிக்கொண்ட இடம் அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. அங்கே வித்தியாசம் நாலரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, உங்களுக்கு ஒன்பது மடங்குக்கு மேல். எண் என்ற அளவில் இரண்டும் சரியான எண்கள்தான். எந்த அளவின் எண் என்பதுதான் வழியில் தொலைந்துபோனது.

ஆகவே மொழிகளை ஒப்பிடும்போது வேகம், சம்பளம், யூடியூபில் யார் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு நான் முதலில் ஒன்றைத்தான் பார்ப்பேன். "சதுர அடி" என்று ஒரு டைப் செய்ய இந்த மொழியில் எனக்கு எத்தனை வரி ஆகும்? ஒரு வரி என்றால் குழுவில் எல்லோரும் செய்வார்கள். நாற்பது வரி என்றால் ஒருவரும் செய்ய மாட்டார்கள், டபுள் என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது, மனித இயல்பு அது.

இப்படிப் பார்த்தால் சில விஷயங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக வரும். கோ மொழியில் இது ஒரே வரி. ஃப்ளோட்டை (டபுள் போன்ற புள்ளி எண்ணை) அடிப்படையாக வைத்துச் சதுர அடி என்று ஒரு புது டைப், சதுர டெசிமீட்டர் என்று இன்னொன்று. அவ்வளவுதான், ஒன்றை எதிர்பார்க்கும் இடத்தில் மற்றொரு வேரியபிளைக் கொடுத்தால் கம்பைல் ஆகாது. ரஸ்ட்டிலும் ஒரு வரி, ஆனால் கூட்டல், ஒப்பிடல் எல்லாம் வேண்டும் என்றால் மேலே கொஞ்சம் எழுத வேண்டும். ஜாவாவில் ஒரு காலத்தில் இதற்கு ஒரு முழு கிளாஸ், கன்ஸ்ட்ரக்டர், ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் என்று பக்கம் நிரம்பும். 2021-இல் ஜாவா 16-உடன் ரெக்கார்ட் (தரவை மட்டும் வைத்திருக்கும் சின்ன கிளாஸ்) நிலையான அம்சமாக வந்தபிறகு அதுவும் ஒரு வரிதான். உங்கள் பார்ட்னர் மனதில் இருக்கும் ஜாவா எந்த ஜாவா என்று கேளுங்கள். பழைய ஜாவா 8 என்றால் என் பதில் மாறும்.

ஜாவாஸ்கிரிப்ட்டோடு டைப்களைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்ட்தான் இதில் ஏமாற்றும், கவனமாக இருங்கள். சதுர அடி என்பது நம்பர், சதுர டெசிமீட்டர் என்பது நம்பர் என்று இரண்டு டைப் பெயர்கள் எழுதலாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அங்கே டைப்பின் பெயரை யாரும் பார்ப்பதில்லை, அதன் வடிவத்தைத்தான் பார்ப்பார்கள். இரண்டின் வடிவமும் நம்பர் என்பதால் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் தாராளமாகப் போடலாம், சிவப்புக் கோடு விழாது. அதைத் தடுக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு போலி அடையாளம் ஒட்டும் உத்தி உண்டு. பிராண்டட் டைப் என்று தேடினால் கிடைக்கும். செய்யலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தெரியாமல் விட்டால் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டு பாதுகாப்பில்லாமல் ஓட்டுவோம்.

சரி, அளவு கலந்துபோவது ஒரு வகைத் தப்பு. உங்கள் கடிதத்தின் பின்பாதியில் போகிற போக்கில் இன்னொன்றைச் சொல்லியிருந்தீர்கள். லாட் (ஒன்றாகப் பதனிடும் தோல் தொகுதி) எண் நிரப்பாமல் வந்த ரசீதுகளைத் திறந்தால் ப்ரோகிராம் அப்படியே விழுந்துவிடுகிறது, சனிக்கிழமை சாயங்காலம் சம்பளப் பட்டுவாடா நேரத்தில்தான் அது நடக்கிறது என்று. என்னைக் கேட்டால் ஒன்பது மடங்கு இன்வாய்ஸைவிட உங்களை வருடம் முழுக்க அரித்துக்கொண்டிருப்பது இதுதான். இதற்குப் பெயர் நல் (null) தொல்லை. நல் என்றால் மதிப்பு எதுவும் இல்லை என்பதற்கான குறி. டோனி ஹோர் 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக நல் ரெஃபரன்ஸைக் கொண்டுவந்தார். 2009-இல் அவரே அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்று சொன்னார்.

இந்த ஒன்றில் மொழிகள் நன்றாகவே பிரிகின்றன. ரஸ்ட்டில் நல் கிடையாது. ஒரு மதிப்பு இல்லாமல் போகலாம் என்றால் அதை டைப்பிலேயே சொல்ல வேண்டும், பிரித்துப் பார்க்காமல் உள்ளே இருப்பதைத் தொட முடியாது. ஜாவாவோடு சேர்ந்து ஓடக்கூடிய கோட்லின் மொழியில் நல் உண்டு, ஆனால் கேள்விக்குறி போட்ட டைப்பில் மட்டும்தான் நுழைய முடியும். டைப்ஸ்கிரிப்ட்டிலும் 2016-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து இதைக் கண்டிப்பாக்கலாம், ஆனால் ஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பு இயங்குகிறதா என்று நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் சி ஷார்ப் மொழி 2019-இல் எட்டாம் பதிப்பில் சேர்த்தது. அது வழக்கமாக எச்சரிக்கையாகத்தான் வரும், பிழையாக மாற்றிக்கொள்வது உங்கள் கையில். ஜாவா 21-இலும் எந்த ஆப்ஜெக்ட் வேரியபிளுக்குள்ளும் நல் வந்து உட்காரலாம். கோ மொழியிலும் பாயிண்டர் (தரவு இருக்கும் இடத்தைக் காட்டுவது) நில் (nil), அதாவது காலியாக, இருக்கலாம். அதைவிட அங்கே எனக்குப் பயம் தருவது வேறு. நிரப்ப மறந்த எண் சத்தமில்லாமல் பூஜ்ஜியம் ஆகிவிடும். எடை நிரப்பாத லாட்டும் பூஜ்ஜியம் கிலோ லாட்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் ஸ்டாக் கணக்கில் அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். விழுந்து சத்தம் போடும் புரோகிராமே அதற்குத் தேவலை.

மூன்றாவது வகை, லாட்டின் நிலை. ஊறல், வெட் ப்ளூ (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்), க்ரஸ்ட் (பதனிட்டு உலர்த்திய தோல்), ஃபினிஷ், டிஸ்பாட்ச் என்று ஒரு லாட் நகர்ந்துகொண்டே போகிறது. வெட் ப்ளூவாக இருக்கும்போது அதற்கு நிறம் என்ற தகவலே கிடையாது. டிஸ்பாட்ச் ஆனபிறகுதான் இன்வாய்ஸ் எண் உண்டு. இப்போது உங்கள் கோடில் இதெல்லாம் ஒரே பெரிய டிக்‌ஷனரியில் கிடக்கும், நிலை என்பது ஒரு ஸ்ட்ரிங்காக (வெறும் எழுத்து வரிசையாக) இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் வந்து, "எங்களுக்கு மறுசாயம் என்று ஒரு நிலை வேண்டும்" என்று சொன்னால் எத்தனை இடத்தில் மாற்ற வேண்டும் என்று யாருக்காவது தெரியுமா? தேடுவீர்கள், பதினோரு இடம் கிடைக்கும், பன்னிரண்டாவது இடம் மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போது தெரியவரும்.

ரஸ்ட்டில் enum என்பதும் கோட்லினில் சீல்டு கிளாஸ் என்பதும் இதற்காகவே இருக்கின்றன. ஒவ்வொரு நிலைக்கும் அதற்குரிய தகவல் மட்டும், நிலைகளின் பட்டியல் மூடிய பட்டியல். புதிதாக ஒன்றைச் சேர்த்த உடனே, அதைக் கையாளாத ஒவ்வொரு இடத்தையும் கம்பைலர் வரி எண்ணோடு சொல்லும். இதை முதல்முதலில் அனுபவித்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வார வேலை என்று நினைத்தது மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது, கம்பைலர் காட்டிய இடங்களை ஒவ்வொன்றாகப் போய் நிரப்பியதுதான் வேலை. ஜாவாவுக்கு இது 17-இல் பாதி வந்து, 2023-இல் வந்த 21-இல் ஸ்விட்சோடு சேர்ந்து முழுமையானது. டைப்ஸ்கிரிப்ட்டில் யூனியன் டைப்பை (இதுவோ அதுவோ என்று பல டைப்களைச் சேர்த்த டைப்பை) வைத்துச் செய்யலாம், மிக நன்றாக இருக்கும். கோ மொழியில் இது இல்லை. அந்த மொழி எளிமைக்காகப் பல விஷயங்களை வேண்டுமென்றே வெளியே வைத்தது. ஒரே கோடைப் பல டைப்களுக்கு எழுதும் ஜெனரிக்ஸே 2022-இல்தான் வந்தது. சர்வர்களுக்கு இடையே செய்தி கடத்தும் வேலைக்கு நான் சந்தோஷமாகக் கோ எழுதுவேன். நிலைகளும் விதிவிலக்குகளும் நிறைந்த தோல் கணக்குக்கு மாட்டேன். (இன்னொரு சின்னக் குறை. கோ மொழியில் விலை என்று தமிழில் வேரியபிள் பெயர் வைக்க முடியாது. உயிர்மெய்க் குறிகளை அது எழுத்தாகவே ஏற்பதில்லை. ஜாவாவும் ரஸ்ட்டும் ஏற்கும்.)

அண்ணன் சொன்ன ரஸ்ட்டுக்கு வருகிறேன். மொழி அருமையானது, அதில் சந்தேகமே வேண்டாம். 2015-இல் முதல் நிலையான பதிப்பு வந்தது முதல் நினைவகத் தவறுகளைக் கம்பைல் நேரத்திலேயே பிடிப்பதில் அது செய்திருப்பது பெரிய காரியம். ஆனால் அதன் சிரமத்தில் பெரும்பங்கு எதற்காக? பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் இல்லாமல், எந்தத் தரவு யாருக்குச் சொந்தம், எப்போது விடுவிப்பது என்பதை நீங்கள் கம்பைலருக்குக் காட்டுவதற்காக. பிரவுசர், ஆபரேட்டிங் சிஸ்டம், மெஷினுக்குள் ஓடும் கன்ட்ரோலர் எழுதுபவர்களுக்கு அந்தச் சிரமத்துக்குக் கூலி உண்டு. ஒரு நாளைக்குச் சில நூறு இன்வாய்ஸ் போடும் சர்வரில் அந்தப் பிரச்சினையே உங்களுக்கு இல்லை. இல்லாத பிரச்சினைக்கு நாலு பேரும் ஆறு மாதம் பாடம் படிக்க வேண்டியிருக்கும். நாளைக்கே தோல் அளக்கும் மெஷினுக்குள் ஓடும் மென்பொருளை நீங்களே எழுதித் தரும்படி யாராவது கேட்டால், அப்போது அண்ணனைக் கூப்பிடுங்கள்.

எல்லாவற்றையும் திருப்பி எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இருந்த ஒரு கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்த மென்பொருளை நிறுத்திவிட்டுப் புது மொழியில் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஐந்து மாதம் என்றார்கள், பதினைந்து மாதம் ஆனது. அந்தப் பதினைந்து மாதமும் வாடிக்கையாளர் கேட்ட ஒரு சின்ன மாற்றம்கூடச் செய்ய முடியவில்லை, "புதியது வரட்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் புதியது வந்தபோது பழையதில் யாரோ எப்போதோ ஒரு வாடிக்கையாளருக்காகப் போட்டிருந்த சின்னச் சின்ன விதிகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. ஏன் இருந்தன என்று எழுதிவைக்கவில்லை, அதனால் யாருக்கும் ஞாபகம் இல்லை. பாதி வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். உங்கள் ஆறு வருடக் கோடிலும் அப்படிப்பட்ட விதிகள் நிறைய இருக்கும். அவை அசிங்கமாகத் தெரியலாம். உங்கள் தொழிலே அவற்றில்தான் இருக்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. திரைப் பக்கத்து ஜாவாஸ்கிரிப்ட்டை ஒவ்வொரு ஃபைலாக டைப்ஸ்கிரிப்ட்டுக்கு மாற்றுவேன், ஸ்ட்ரிக்ட் முதல் நாளிலிருந்தே இயங்கும். எதை வேண்டுமானாலும் ஏற்கும் எனி (any) என்ற டைப்பை யாராவது போட்டால் அதற்குக் காரணம் கேட்பேன், ஏனென்றால் அது வேலியில் போட்ட ஓட்டை. சர்வரில் பைத்தானையே வைத்துக்கொள்வேன். பைத்தானுக்கு டைப் குறிப்புகள் 2015-இலேயே 3.5 பதிப்பில் வந்துவிட்டன, அவற்றைச் சரிபார்க்க மைபை இருக்கிறது. நியூடைப் என்ற வசதியால் சதுர அடியையும் சதுர டெசிமீட்டரையும் ஆளுக்கு ஒரு வரியில் தனி டைப்பாக்கலாம். ஒன்றைக் கேட்கும் ஃபங்க்ஷனுக்கு மற்றொன்றைக் கொடுத்தால் மைபை கத்தும். ஒரு எச்சரிக்கை: குறிப்பு எழுதாத ஃபங்க்ஷனின் உள்ளே மைபை வழக்கமாக எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் பிழை இல்லை என்று அது சொன்னால் முதலில் பார்த்ததா என்று கேளுங்கள். கணக்குப் போடும் ஃபைல்களுக்காவது ஸ்ட்ரிக்ட் வையுங்கள்.

ஒரு காலத்தில் சர்வரையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ஜாவா 21 அல்லது அதற்குப் பிந்தையது. கோட்லினின் டைப் அமைப்பு எனக்கு ஜாவாவைவிடப் பிடிக்கும், நல் விஷயத்தில் அது தெளிவாக மேல். இருந்தாலும் ராணிப்பேட்டையில் உட்கார்ந்து அடுத்த ஐந்து வருடம் ஆள் எடுக்கப் போவது நீங்கள். காட்பாடியிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளை ஜாவா படித்துவிட்டு வரும். ரெக்கார்டையும் சீல்டையும் காட்டிக்கொடுக்க உங்களுக்கு இரண்டு வாரம் போதும். சி ஷார்ப்பும் இதே வேலைக்கு ஈடானதுதான். பணத்துக்கு ஏற்ற டெசிமல் என்ற டைப் அதில் மொழியிலேயே இருப்பது பில்லிங் எழுதுகிறவர்களுக்கு வரம். குழுவில் ஒருவருக்காவது அது தெரிந்திருந்தால் யோசிக்கச் சொல்லியிருப்பேன். எந்த மொழியானாலும் ரூபாயை ஃப்ளோட்டில் மட்டும் வைக்காதீர்கள். பைசாவாக முழு எண்ணில் வையுங்கள், அல்லது டெசிமலில்.

அப்புறம், டைப் எழுதிவிட்டால் டெஸ்ட் வேண்டாமா என்று உங்கள் புதுப் பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டும். 1996 ஜூனில் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. அதன் மென்பொருள் ஏடா மொழியில் எழுதியது, டைப் விஷயத்தில் அதைவிடக் கண்டிப்பான மொழி குறைவு. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடைக்கும்போது கொள்ளவில்லை, அவ்வளவுதான். எண் எவ்வளவு பெரிதாகும் என்று டைப் கேட்கவில்லை. அதேபோல் ஜி.எஸ்.டி. எந்த வரியில் ரவுண்ட் ஆக வேண்டும் என்பதையும் டைப் சொல்லாது, டெஸ்ட்தான் சொல்லும்.

இன்னும் ஒரே ஒரு இடம், வாசல். டேனரியிலிருந்து உங்களுக்கு வரும் எக்ஸல் ஃபைலில் டைப் எதுவும் கிடையாது. "1,850" என்று காற்புள்ளியோடு வரும், காலியாக வரும். பழைய ஆட்கள் எழுதிய சீட்டு என்றால் இன்னும் ஆபத்து. தோலில் 12 என்று எழுதி மேலே சின்னதாக 2 போட்டிருந்தால் அது 12.2 அல்ல, இரண்டு கால், அதாவது பன்னிரண்டரை சதுர அடி. அதைப் பார்த்து டைப் அடிக்கிற பிள்ளைக்கு இது தெரியுமா? டைப்ஸ்கிரிப்ட்டின் டைப்கள் ஓடும் நேரத்தில் இருப்பதே இல்லை, கம்பைல் முடிந்ததும் உதிர்ந்துவிடும். மைபையும் ஓடும் நேரத்தில் காவல் நிற்பதில்லை. அதனால் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு எண்ணையும் வாசலிலேயே நிறுத்தி, படித்து, சரிபார்த்து, சதுர அடி என்ற டைப்பாக மாற்றித்தான் உள்ளே விட வேண்டும். தரம் பிரிக்கிற மேஜையைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு தோலையும் விரித்து, புரட்டி, முத்திரை போட்டு அனுப்புவார்கள். அந்த முத்திரையை நம்பித்தான் அடுத்த செக்‌ஷனில் வேலை நடக்கும், ஒவ்வொரு இடத்திலும் மறுபடி விரித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். உங்கள் கோடிலும் சரிபார்ப்பு அந்த ஒரு மேஜையில் இருக்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் உட்கார்ந்து, கடந்த ஆறு மாதத்தில் வாடிக்கையாளர் போன் செய்து சொன்ன தப்புகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். அளவு கலந்தது, காலியாக வந்தது, நிலை விட்டுப்போனது, கணக்கு விதியே தப்பு என்று நாலாகப் பிரியுங்கள். நான்காவது குவியல்தான் பெரிது என்றால் எந்த மொழியும் உதவாது, வாடிக்கையாளரோடு உட்கார்ந்து விதியை எழுத வேண்டும். முதல் மூன்றும் பெரிது என்றால் திங்கட்கிழமை இன்வாய்ஸ் கணக்கிடும் அந்த ஒரு ஃபைலை மட்டும் திறந்து, சதுர அடியையும் சதுர டெசிமீட்டரையும் தனி டைப்பாக்கி, மைபையை ஓட்டுங்கள். எந்த வரியில் முதலில் கத்துகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா, சத்துவாச்சாரி, வேலூர்